கஷ்டமான பாடத்தை 'டிராப்' செய்தால் சிஜிபிஏ தப்பிக்குமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

செமஸ்டர் தொடங்கி ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். முதல் இன்டர்னலில் 50-க்கு 14 வந்திருக்கும். வகுப்பில் நடத்துவது பாதி புரியும், பாதி புரியாது. அப்போது ஹாஸ்டலில் யாராவது ஒருவர் சொல்வார்: "பேசாம இந்த சப்ஜெக்ட்டை டிராப் பண்ணிடு, சிஜிபிஏவாவது தப்பிக்கும்."

அந்த யோசனை சில நேரம் சரி, பல நேரம் தவறு. ஒரே பாடத்தை விடுவதால் ஒரு மாணவருக்கு நன்மையும் இன்னொருவருக்கு ஒரு வருட இழப்பும் வரலாம். எந்தப் பாடம், எந்தக் கல்லூரி, எந்த செமஸ்டர் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

டிராப், வித்ட்ரா, அரியர்: மூன்றும் ஒன்றா?

இல்லை. செமஸ்டரின் தொடக்க நாட்களில், பதிவு செய்த பாடத்தை நீக்குவதுதான் 'டிராப்'. மதிப்பெண் பட்டியலில் அதற்குப் பெரும்பாலும் தடயம் இருக்காது.

அந்த நாட்கள் கடந்த பிறகு விலகுவது 'வித்ட்ராயல்'. ஐஐடி டெல்லி, பிட்ஸ் பிலானி போன்ற இடங்களில் குறிப்பிட்ட தேதிக்குள் இப்படி விலகலாம். கிரேடுக்குப் பதில் 'டபிள்யூ' என்று பதிவாகும். அது சிஜிபிஏ கணக்கில் சேராது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்.

தேர்வு எழுதித் தேறாவிட்டால் அது அரியர். வட மாநிலங்களில் இதையே பேக்லாக் என்பார்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 'வித்ட்ராயல்' என்றால், தகுந்த காரணம் காட்டி அந்த முறை தேர்வு எழுதுவதிலிருந்து விலக அனுமதி கேட்பது. நண்பர் வேறு கல்லூரியில் செய்ததை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

எல்லாக் கல்லூரியிலும் டிராப் செய்ய முடியுமா?

முடியாது. நாட்டின் பெரும்பாலான இணைப்புக் கல்லூரிகளில் எந்த செமஸ்டரில் எந்த கோர் பாடம் என்பதைப் பல்கலைக்கழகமே வகுத்துவிடுகிறது. மாணவர் தேர்வு செய்வது எலெக்டிவ் பாடங்களை மட்டும்தான். அவற்றையும் முதல் சில வாரங்களுக்குள்தான் மாற்றலாம்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "எக்ஸாமுக்குப் போகலன்னா டிராப் மாதிரிதானே?" என்று நினைப்பது தவறு. யுஜிசி பரிந்துரைத்த 10 புள்ளி முறையில் தேர்வுக்கு வராதவருக்கும் 0 புள்ளி, தோல்வியடைந்தவருக்கும் 0 புள்ளிதான். அனுமதி வாங்காமல் ஒதுங்கினால் கையில் மிஞ்சுவது அரியர்.

ஒரு பாடம் சிஜிபிஏவை எவ்வளவு இழுக்கும்?

ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதில் கிடைத்த கிரேடு புள்ளியையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் சராசரி. ஒரு செமஸ்டருக்குப் போட்டால் எஸ்ஜிபிஏ, எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் போட்டால் சிஜிபிஏ. யுஜிசி முறையில் 'ஓ' கிரேடுக்கு 10, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, 'பி பிளஸ்' 7, 'பி' 6, 'சி' 5, 'பி' என்று ஒலிக்கும் வெறும் பாஸ் கிரேடுக்கு 4.

சரி, இப்போ ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றும் 4 கிரெடிட், மொத்தம் 20. நான்கு பாடங்களில் 8 புள்ளி எடுக்கிறீர்கள். கஷ்டமான பாடத்தில் 5 புள்ளிதான் வரும்போல இருக்கிறது.

- பாடத்தைத் தொடர்ந்து 5 புள்ளி எடுத்தால்: எஸ்ஜிபிஏ 7.4
- டிராப் செய்தால்: 8.0
- தொடர்ந்து தோற்றால்: தேறும் வரை 6.4

7.4-க்கும் 8.0-க்கும் உள்ள இடைவெளி பயமுறுத்தும். ஆனால் பட்டம் முடியும்போது யாரும் அந்த ஒரு செமஸ்டரை மட்டும் பார்ப்பதில்லை. நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றிலும் 8 எடுத்து, இந்த ஒன்றில் மட்டும் 5 எடுத்தால் இறுதி சிஜிபிஏ சுமார் 7.93. அதாவது இழப்பு 0.07 மட்டுமே.

இன்னொன்று. கோர் பாடத்தை டிராப் செய்தாலும் அது போய்விடாது. அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுத்தே ஆக வேண்டும். எலெக்டிவ் என்றால்தான் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போக முடியும். கோர் பாடத்தில் டிராப் என்பது தள்ளிவைப்பு மட்டுமே.

அந்த 0.07 யாருக்கு முக்கியம்?

எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு. யுஜிசியின் நான்கு ஆண்டு இளநிலைத் திட்டத்தில், முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதம் எடுத்தவர்களே நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸைத் தேர்வு செய்யலாம். நான்கு ஆண்டுப் பட்டத்தை வைத்து நேரடியாக பிஎச்.டி சேரவும் 2022 விதிகளின்படி 75 சதவீதம் வேண்டும். கேம்பஸ் வேலைவாய்ப்பில் பல நிறுவனங்கள் 60 சதவீதம் அல்லது 6.0 என்று கோடு போடுகின்றன.

நீங்கள் 7.5 பக்கத்திலோ 6.0 பக்கத்திலோ நின்றால் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணலாம். 8.2-இல் நிற்பவர் 8.1 ஆகிவிடுமே என்று பாடத்தை விடுவதில் பெரிய லாபம் இல்லை.

அதே நிறுவனங்களில் பல, "நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது" என்றும் கேட்கின்றன. ஆகவே உங்கள் உண்மையான பயம் குறைந்த கிரேடா, தோல்வியா என்பதைப் பிரித்துப் பாருங்கள். 5 புள்ளியைத் தாங்கிக்கொள்ளலாம். அரியரின் கதை வேறு.

டிராப் செய்வதற்கு என்ன விலை?

*சங்கிலி:* பல பாடங்கள் அடுத்த பாடத்துக்குப் படி. இரண்டாம் செமஸ்டர் கணிதத்தை விட்டால் மூன்றாம் செமஸ்டரில் அதை நம்பியிருக்கும் பாடத்தில் சேர முடியாமல் போகலாம். சில பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இறுதி ஆண்டில் அப்படி ஒன்றை விட்டால் பட்டமே தள்ளிப்போகும்.

*சுமை:* விட்ட 4 கிரெடிட் பிறகு இன்னொரு செமஸ்டரின் தலையில் ஏறும். 20 கிரெடிட் 24 ஆகும். திரும்ப எடுத்து 5-க்குப் பதில் 8 வாங்கினால் 12 புள்ளி லாபம். ஆனால் கூடுதல் சுமையால் மற்ற மூன்று 4 கிரெடிட் பாடங்களில் ஒவ்வொரு கிரேடு குறைந்தால் அதே 12 புள்ளி போய்விடும்.

*பணம்:* மத்திய அரசின் சென்ட்ரல் செக்டார் கல்வி உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. மற்ற உதவித்தொகைகளுக்குக் குறைந்தபட்ச கிரெடிட் நிபந்தனை இருக்கலாம். பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளினால் விடுதிக் கட்டணம் கூடும். கல்விக் கடன் வாங்கியிருந்தால், தவணை தொடங்காத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

எப்போது விடலாம், எப்போது விடக் கூடாது?

விடுவது நியாயம் என்றால் பெரும்பாலும் நிலைமை இப்படி இருக்கும்: பாடம் எலெக்டிவ், வேறு எந்தப் பாடத்துக்கும் அது படி இல்லை, இன்டர்னலில் இழந்ததை இறுதித் தேர்வில் ஈடுகட்ட முடியாத அளவுக்குத் தோல்வி வாய்ப்பு இருக்கிறது, அல்லது அந்த ஒரு பாடம் மற்ற நான்கின் நேரத்தையும் தின்கிறது.

விடக் கூடாதது: கோர் பாடம், பாஸ் ஆவது உறுதி, கிரேடு மட்டும் குறையும் என்ற நிலை. "8 வராது, 6தான் வரும்" என்பது டிராப் செய்யப் போதுமான காரணம் அல்ல. வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு 'டபிள்யூ' பற்றி யாரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. நான்கு இருந்தால் கேள்வி வரும்.

நடுவில் வேறு வழி உண்டா?

சில கல்வி நிறுவனங்களில் கிரேடு இல்லாமல் வகுப்பில் மட்டும் உட்கார்ந்து கேட்கும் 'ஆடிட்' முறை உண்டு. சிலவற்றில் கோடைக்கால வகுப்பில் அதே பாடத்தை முடிக்கலாம்.

ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படித்து கிரெடிட் பெற 2021 யுஜிசி விதிகள் இடம் தருகின்றன. ஆனால் உங்கள் கல்லூரி முன்கூட்டியே அந்தப் பாடத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சம்பாதித்த கிரெடிட்டுகள் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில் 7 ஆண்டு வரை செல்லும்.

கடைசித் தேதிக்கு முன் செய்ய வேண்டியவை

1. கல்லூரியின் அகாடமிக் காலண்டரில் டிராப், வித்ட்ராயல் தேதிகளைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. விதிமுறைப் புத்தகத்தில் குறைந்தபட்ச கிரெடிட், எத்தனை முறை விலகலாம், மதிப்பெண் பட்டியலில் எப்படிப் பதிவாகும் என்று பாருங்கள்.
3. பாஸ் ஆக இறுதித் தேர்வில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். அது 45 என்றால் போராடலாம், 90 என்றால் யோசிக்கலாம்.
4. பாடம் நடத்தும் ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், இந்த நிலைமையில நான் பாஸ் ஆக முடியுமா?" பல ஆண்டு விடைத்தாள் பார்த்தவருக்கு அது தெரியும்.
5. விலக அனுமதி கிடைத்தால் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்மொழி அனுமதி ரிசல்ட் நாளில் உதவாது.

ஒரு பாடம் மட்டும் கஷ்டமாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு போதும். எல்லாப் பாடமும் கஷ்டமாக, தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகவே மனம் வராமல் இருந்தால் பிரச்னை அந்தப் பாடத்தில் இல்லை. அப்போது கல்லூரி ஆலோசகரிடமோ வீட்டிலோ பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உடல்நலக் காரணத்துக்காக செமஸ்டரையே தள்ளிவைக்கும் விதி பல கல்லூரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பாடமாக விட்டுக்கொண்டே போவதைவிட அதைக் கேட்டு வாங்குவது மேல்.