மாதிரிச் சிப்பியும் மன ஆராய்ச்சியும்

உளநூலில் முதுகலைப் பட்டம் பெற விழையும் மாணவர், பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, தாமே ஆராய்ந்து, ஆய்வேடு ஒன்றை எழுதி முடித்தல் வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. தேர்வுக்குப் பாடம் படிப்பது வேறு. பிறர் விடை கூறாத வினாவுக்கு விடை தேடுவது வேறு. தலைமையாசிரியனாயிருந்து ஓய்வு பெற்ற என்னைக் காண வரும் பழைய மாணவர் சிலர், "எங்கே தொடங்குவது, எப்படி முடிப்பது?" என்று மயங்குகின்றனர். அவர்களுக்கு இரண்டு வரலாறுகளைக் கூறுவது என் வழக்கம். ஒன்று நம் தூத்துக்குடிக் கடலில் நிகழ்ந்தது. மற்றொன்று நீலகிரி மலையில் நிகழ்ந்தது.

முத்துக்குளிப்பு என்றதும் கடலில் பாயும் வீரரே நம் நினைவுக்கு வருவர். அதற்கு முன்னே நடைபெற்ற பணி ஒன்று உண்டு. ஆங்கில ஆட்சிக் காலத்தில் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை அரசு அதிகாரிகள் சோதிப்பர். குளிப்பாளர் சிலரை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுப்பர். அவற்றை எண்ணி, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்களைத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று கணக்கிடுவர். மதிப்புத் தேறினால் சலாபம் அறிவிக்கப்படும். தேறாவிடில் அவ்வாண்டு குளிப்பு இல்லை. "இல்லை" என்ற முடிவுக்கும் பயன் இருந்தது. முதிராத சிப்பிகள் பிழைத்தன. வணிகர் பொருளும் வீணாகவில்லை. 1961-ஆம் ஆண்டோடு இங்கு அரசின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று.

மனத்தையும் இவ்வாறு அளக்க இயலுமா? இயலும் என்று காட்டியவருள் ஒருவர் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டாரஸ் நீரிணைக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் அவரும் இருந்தார். அதுவும் முத்துச்சிப்பி எடுக்கும் கடலே. பின்னர் 1901, 1902 ஆண்டுகளில் நீலகிரியில் தோடரிடையே ஆராய்ந்தார். நாகரிகம் குறைந்தோர் என்று தாம் கருதிய மக்களுக்குப் புலன்கள் மிகக் கூர்மை, அதனாலேயே சிந்தனை குறைவு என்பது அக்கால மேனாட்டார் பலரின் நம்பிக்கை. ரிவர்ஸ் அதனை அளந்து பார்க்கப் புகுந்தார். தீவினரின் பார்வைக் கூர்மை பெரிதும் மிகுந்ததாகத் தோன்றவில்லை. தொலைவிலுள்ள பொருளை அவர்கள் விரைந்து அறிவது பழக்கத்தாலும் கவனத்தாலுமே என்று கண்டார். இரு சமமான கோடுகளின் நுனிகளில் அம்புமுனைகளை உள்நோக்கியும் வெளிநோக்கியும் வரைந்தால், அவை நீளத்தில் வேறுபட்டனவாகத் தோன்றும். இச்சோதனையில் ஆங்கிலேயரைவிடத் தீவினரும் தோடரும் குறைவாகவே ஏமாந்தனர்! தோடரின் புலன்களைப் பற்றிய கட்டுரை 1905-இல் வெளிவந்தது. ஓர் இனத்தைத் தாழ்த்திய கொள்கை, எளிய கோடுகளின் முன்னே ஆட்டங் கண்டது.

1906-இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலில் ரிவர்ஸ் மற்றொன்றையும் மறைக்காமல் எழுதினார். சடங்குகளின் மறைபொருளைத் தமக்குக் கூறியோர் சிலருக்குப் பின்னர்த் துன்பங்கள் நேர்ந்தன; மறையை வெளியிட்டதால் வந்த தெய்வக் குற்றம் என்று தோடர் கருதினர். சிப்பியைக் கேளாமல் திறந்தோம். மனிதர் உள்ளத்தை அவ்வாறு திறத்தல் ஆகாது. அவர்தம் இசைவைப் பெறுவதும், கூறியதைக் காப்பதும் ஆராய்வோன் கடமை.

மாணவ மணிகளே! கடல் முழுவதையும் அள்ள முயல்வோனின் ஆய்வேடு முடிவதில்லை. "துறைமுகத் தொழிலாளர் உளநிலை" என்பது கடல். "இரவுப் பணி புரிவோரின் கவனம், பகற்பணி புரிவோரினும் குறைகிறதா?" என்பது ஒரு பார். அங்கே இறங்குங்கள். எல்லோரையும் ஒரே கோலால் அளந்திடுங்கள். எதிர்பார்த்த விடை வரவில்லையெனில், வரவில்லை என்றே எழுதுங்கள். முத்தில்லாத பாரை முத்தில்லை என்று கூறிய கணக்கும் மெய்க்கணக்கே.