தனிச்சாரதி இயக்கமும் பிரித்தானியப் புகையிரத வேலைநிறுத்தங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1

1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே, இலண்டன் மரண விசாரணை மன்றமொன்றின் யூரர்கள் முன் நிறுத்தப்பட்ட மூன்று புகையிரதத் தொழிலாளரை மார்க்ஸ் நமக்குக் காட்டுகிறார். ஒருவர் காவலர், ஒருவர் இயந்திரச் சாரதி, மற்றவர் சமிக்ஞையாளர். பெரும் விபத்தொன்றிற் பிரயாணிகள் பலர் மாண்டுபோயினர். தொழிலாளரின் கவனயீனமே அதற்குக் காரணம் என்பது குற்றச்சாட்டு. அம்மூவரும் கூறிய விடை எளிமையானது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தாம் நாளொன்றுக்கு எட்டு மணிநேரமே உழைத்ததாகவும், பின்னர் அது 14, 18, 20 மணியென நீட்டப்பட்டதாகவும், உல்லாசப் பயணிகள் திரளும் காலங்களில் 40, 50 மணிநேரம் இடைவிடாது வேலை செய்ய நேர்ந்ததாகவும் அவர்கள் கூறினர். தாம் சாதாரண மனிதர் என்றும், குறித்த ஒரு கட்டத்திற்கு மேல் தமது கண்ணும் மூளையும் செயற்படா என்றும் விளக்கினர்.

அம்மூவருக்கும் பின்னர் நேர்ந்தது என்ன என்று வினவுவது பயனுடையது. சமிக்ஞையாளர் பாதையோரக் கூண்டிலிருந்து அகன்று, தொலைதூரக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்குச் சென்றுவிட்டார். காவலர் பல பாதைகளில் நீக்கப்பட்டுவிட்டார். ஏனையவற்றில் அவரது இருப்பே வழக்குக்குரியதாயிற்று. எஞ்சி நிற்பவர் சாரதி. அவர் தனித்து நிற்கிறார். இத்தனிமையின் வரலாறே ஈண்டு எமது ஆய்வுப் பொருள். தனிச்சாரதி இயக்கம், அஃதாவது காவலரின்றிச் சாரதி ஒருவரே வண்டியைச் செலுத்திக் கதவுகளையும் திறந்து மூடும் முறை, பிரித்தானியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலைநிறுத்தங்களுக்கும் பொது விவாதத்திற்கும் காரணமாயிருந்துள்ளது. எமது நாட்டின் புகையிரத சேவை அந்நாட்டின் மரபிலே தோன்றியது. நமது பேச்சு வழக்கில் இன்றும் 'கார்ட்' என்றே வழங்கும் அவ்வுத்தியோகத்தரும் அம்மரபின் வழி வந்தவரே. ஆகையால் இவ்விவாதம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

2

காவலர் எதற்காகத் தோன்றினார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். தொடக்க காலத்தில் வண்டித் தொடர் முழுவதையும் ஒருங்கே நிறுத்தவல்ல தடுப்புப்பொறி இருக்கவில்லை. சாரதி இயந்திரத்தை நிறுத்த, பின்வண்டியிலிருந்த காவலர் கைத்தடுப்பை இறுக்குவார். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பின்னோக்கி நடந்து சென்று, வரும் வண்டியைக் கொடிகாட்டி நிறுத்துவதும் அவர் கடமையாயிற்று.

1889 யூன் 12 ஆந் திகதி அயர்லாந்தின் ஆர்மா நகருக்கருகே நிகழ்ந்த விபத்து இவ்வமைப்பின் பலவீனத்தை உலகறியச் செய்தது. ஞாயிறு பாடசாலைச் சிறுவரை ஏற்றிச் சென்ற உல்லாசப் பயண வண்டி மேட்டில் ஏறமாட்டாது நின்றது. வண்டித் தொடரை இரண்டாகப் பிரித்தனர். கைத்தடுப்பையும் சக்கரங்களுக்கடியில் வைத்த கற்களையும் நம்பி விடப்பட்ட பின்பகுதி சரிவில் உருண்டோடி, பின்னால் வந்த வண்டியுடன் மோதியது. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். செலவைக் காரணங்காட்டிக் கம்பனிகள் நீண்டகாலம் தட்டிக்கழித்து வந்த தானியங்கித் தொடர் தடுப்பினைப் பிரயாணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டிலே நிறைவேறியது.

இவ்விடத்திலே இரண்டு உண்மைகள் மனங்கொள்ளத்தக்கன. தொழில்நுட்பம் காவலரின் கையிலிருந்து தடுப்பைப் பறித்தது. எனினும் காவலர் மறையவில்லை. கதவுகள், பிரயாணிகளின் நலம், ஆபத்து வேளையிற் பாதையைப் பாதுகாத்தல் என அவரது கடமைகள் உருமாறின. எனவே ஒரு பொறியின் வருகை ஒரு தொழிலாளியின் மறைவைத் தானாகவே விளைவிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பது பொறியன்று, பொறியை உடைமையாகக் கொண்டோரும் தொழிலாளரும் நிற்கும் உறவே. மற்றொன்று, பாதுகாப்புக்கான பொறியைத் தாமதப்படுத்தியோர் தொழிலாளர் அல்லர். "முன்னேற்றத்தின் எதிரிகள்" என்ற பழி பிற்காலத்திலே தொழிற்சங்கங்கள்மீது சுமத்தப்பட்டபோது இவ்வரலாறு வசதியாக மறக்கப்பட்டது.

3

புகையிரத வேலைநிறுத்தம் ஏனைய வேலைநிறுத்தங்களினின்றும் ஒருவகையில் வேறுபடுகிறது. ஆலை மூடப்பட்டால் முதலாளி உடனடியாக நட்டமடைகிறான். வண்டி நின்றாலோ மூன்றாந்தரப்பொன்று தெருவில் நிற்கிறது. அத்தரப்புக்குப் 'பொதுமக்கள்' என்று பெயர். யார் அதன் பேரால் பேசுவது என்பதே விவாதத்தின் அச்சாணி.

1900 இல் வேல்ஸ் நாட்டின் டாஃப் வேல் புகையிரதக் கம்பனியில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்திற்காகத் தொழிற்சங்கம் கம்பனிக்கு நட்டஈடு செலுத்தவேண்டுமெனப் பிரபுக்கள் சபை 1901 இல் தீர்ப்பளித்தது. நட்டஈடு 23,000 பவுண். இத்தீர்ப்பு தொழிலாளரைத் தமக்கென ஓர் அரசியற் கட்சியை நோக்கி உந்தியது; 1906 ஆம் ஆண்டின் தொழிற்பிணக்குச் சட்டம் அதன் விளைவை மாற்றியமைத்தது. நீதிமன்றத்திலே தோற்றது பாராளுமன்றத்திலே மீட்கப்பட்டது எனலாம்.

1919 செப்டெம்பர் இறுதியில், ஊதியக் குறைப்புத் திட்டத்திற்கெதிராகத் தேசியப் புகையிரதத் தொழிலாளர் சங்கம் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, பொதுமக்கள் அபிப்பிராயம் முதன்முறையாகப் போர்க்களமாயிற்று. பிரதமர் லோயிட் ஜோர்ஜ் இதனை அராஜகச் சதியெனச் சித்திரித்தார். பத்திரிகைகளில் அரசாங்கம் விளம்பரஞ் செய்தது; சங்கமும் முழுப்பக்க விளம்பரங்களால் விடையிறுத்தது. தொழிலாளர் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த அறிவுஜீவிகள் சங்கத்தின் வாதங்களைச் சீர்செய்து கொடுத்தனர். சாரதிகளின் ஊதியக் கோரிக்கை ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருந்தும், அவர்களுடைய தனிச்சங்கமான அஸ்லெவ் காவலர், சுமையாளர் முதலியோருக்காக வேலைநிறுத்தத்திற் சேர்ந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. எட்டு மணிநேர வேலைநாளும் அவ்வாண்டின் தொடக்கத்திலே பெறப்பட்டதாகும். மார்க்ஸ் காட்டிய மூவர் இழந்ததை அவர்களின் வழித்தோன்றல்கள் அரைநூற்றாண்டின் பின்னர் மீட்டனர்.

4

1982 இல் அந்த எட்டு மணிநேரமே மீண்டும் கேள்விக்குள்ளாயிற்று. ஏழு முதல் ஒன்பது மணிநேரம் வரை நெகிழத்தக்க வேலைமுறையைத் தேசியமயமாக்கப்பட்ட பிரித்தானியப் புகையிரதச் சபை வற்புறுத்தியது. அவ்வாண்டின் தொடக்கத்திலும் யூலையிலும் சாரதிகள் வேலைநிறுத்தஞ் செய்தனர். சபை பணிநீக்கத்தைக் காட்டி அச்சுறுத்தியது. இறுதியில் தொழிற்சங்கக் காங்கிரசே சாரதிகளைக் கைவிட்டது. அதே காலத்தில், இலண்டன் செயின்ற் பங்கிராஸ் நிலையத்திலிருந்து பெட்போர்ட் வரை மின்மயமாக்கப்பட்ட பாதையில், காவலரின்றி இயங்கவென வடிவமைக்கப்பட்ட புதிய வண்டிகள் பிணக்குக் காரணமாக நெடுநாள் ஓடாமல் நின்றன. 1983 இல் அவை தனிச்சாரதியுடன் ஓடத்தொடங்கின. 1985 ஓகஸ்டில் காவலரிடையே நடந்த வாக்கெடுப்பில் வேலைநிறுத்தப் பிரேரணை சிறு வித்தியாசத்தாற் தோற்றது. சுரங்கத் தொழிலாளரின் ஓராண்டுப் போராட்டம் தோல்வியுற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன என்பதை மறத்தலாகாது.

இத்தோல்வியை அரசாங்கத்தின் பலத்தால் மட்டும் விளக்குதல் முழுமையாகாது. கூடுதற் கொடுப்பனவு பெற்றுச் சாரதிகள் புதிய முறையை ஏற்ற பாதைகளில் காவலரின் வேலை அற்றுப்போனது. 1919 இன் ஒற்றுமை அங்கே காணப்படவில்லை. கைவினைப் பெருமிதத்தின் மீதெழுந்த தனிச்சங்கமும் தொழிற்றுறை முழுவதையும் தழுவ முனைந்த பொதுச்சங்கமும் ஒன்றையொன்று ஐயுற்றன. இப்பிளவைச் சுட்டுவது தொழிலாளரைப் பழிப்பதாகாது. தோல்வியின் உட்காரணங்களை மறைக்கும் வரலாறு தொழிலாளருக்குப் பயன்படாது.

5

1993 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் புகையிரத சேவை தனியார்மயமாக்கப்பட்டுப் பல்வேறு கம்பனிகளாகச் சிதறியது. 2011 இல் வெளியான மக்நல்ற்றி அறிக்கை, தனிச்சாரதி இயக்கமே பொதுவிதியாதல் வேண்டும் என்றும், இரண்டாவது பணியாளர் விசேட காரணமிருந்தால் மட்டும் இடம்பெறலாம் என்றும் பரிந்துரைத்தது. சிதறலால் பெருகிய செலவுக்குக் காவலரின் ஊதியத்தில் ஈடு தேடப்பட்டது.

இதன் விளைவே 2016 இல் இங்கிலாந்தின் தென்பகுதியில் வெடித்த சதேர்ன் பிணக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் பயணஞ்செய்யும் சேவை அது. காவலர்களை 'வண்டி மேற்பார்வையாளர்' எனப் பெயர்மாற்றி, கதவுப் பொறுப்பைச் சாரதிக்கு வழங்குவது திட்டம். எவரும் வேலை இழக்கமாட்டார், ஊதியங் குறையாது என்றது கம்பனி. அவ்வாறாயின் தொழிலாளர் ஏன் எதிர்த்தனர்? பத்திரிகைகள் பலவும் இவ்வினாவை எழுப்பி, 'பிடிவாதம்' என விடையும் கூறின.

விடை ஒரு சிறு வேறுபாட்டில் அடங்கியிருந்தது. காவலர் வராவிடின் வண்டி புறப்படமுடியாது. மேற்பார்வையாளர் வராவிடினும் புறப்படலாம். முன்னவர் வண்டியின் இயக்கத்தில் இன்றியமையாத அங்கம். பின்னவர் இருந்தால் நல்லது என்ற நிலையினர். இன்றியமையாதவர் வேலைநிறுத்தஞ் செய்தால் வண்டி நிற்கும். மற்றவர் செய்தால் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். ஊதியத்தைத் தொடாமலே ஒரு தொழிலாளியின் கையிலுள்ள ஒரே ஆயுதத்தைப் பறிக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

மேலும், அக்கம்பனியின் ஒப்பந்தப்படி கட்டண வருமானம் அரசாங்கத்தையே சேர்ந்தது. கம்பனி நிர்வாகக் கட்டணம் பெற்றது. வண்டி ஓடாததால் இழந்த கட்டண வருமானம் கம்பனியின் நட்டமன்று. வேலைநிறுத்தத்தின் பழைய பொருளாதார நியதி இங்கே செயலிழந்தது. உண்மையான எதிர்த்தரப்பு அரசு. ஆயின் மேசைக்கு வந்தது கம்பனி. 2016 யூலையில் பணியாளர் பற்றாக்குறையால் நாளொன்றுக்கு 341 வண்டிகள் கால அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டன. அவை வேலைநிறுத்த நாட்களில் அல்லாது சாதாரண நாட்களில் ஓடாத வண்டிகள். அவ்வாண்டு ஒக்டோபரில் கம்பனி, தொழிற்சங்கத்தைக் கண்டித்து எழுதுமாறு பிரயாணிகளைத் தூண்டி விளம்பரஞ் செய்தது. பிரயாணிகள் பலர் கம்பனியையே கண்டித்தனர். 1919 இன் அனுபவம் வேறொரு வடிவில் மீண்டது. டிசெம்பரில் சாரதிகளும் வேலைநிறுத்தஞ் செய்தபோது சேவை முற்றாக நின்றது. 2017 நவெம்பரில், ஐந்தாண்டுகளில் 28.5 வீத ஊதிய உயர்வுடன் சாரதிகள் உடன்பட்டனர். விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர்ந்த வேளைகளில் இரண்டாவது பணியாளர் இருப்பார் என்பது உடன்பாட்டின் ஓர் அம்சம். அவ்விதிவிலக்குகளே காவலர்களின் தோல்வி.

6

பாதுகாப்பைப் பற்றிய விவாதத்தை நேர்மையுடன் அணுகுதல் வேண்டும். தகுந்த கருவிகளும் பயிற்சியும் இருப்பின் தனிச்சாரதி இயக்கம் பாதுகாப்பானதே எனப் புகையிரத ஒழுங்குபடுத்தற் சபை 2017 தொடக்கத்தில் அறிவித்தது. பிரித்தானியப் பிரயாணிகள் சேவைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அக்காலத்தில் அவ்வாறே இயங்கிவந்தது. 2011 இல் லிவர்பூல் நிலையமொன்றில், புறப்பட்ட வண்டிக்கும் மேடைக்குமிடையே வீழ்ந்து பதினாறு வயதுப் பெண்ணொருத்தி மாண்டாள். அவ்வண்டியில் காவலர் இருந்தார். அவர் குற்றவாளியெனக் காணப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். காவலர் இருந்தால் விபத்து நிகழாது என்ற வாதத்தை இச்சம்பவம் மறுக்கிறது. அதேவேளை, மார்க்சின் மூவருக்குப் பின்னரும் விசாரணைக் கூண்டில் நிற்பவர் தொழிலாளியே என்பதை அது உறுதிப்படுத்துகிறது. தனிச்சாரதி முறையிலே அக்கூண்டின் இடம் ஒருவருக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

ஆகவே தொழிற்சங்கங்கள் விபத்துப் புள்ளிவிபரங்களில் மட்டும் தமது வழக்கை ஊன்றியமை போதுமானதன்று என்பது எமது கருத்து. சக்கரநாற்காலியில் வருபவரை ஏற்றுவது யார்? பணியாளரற்ற சிறு நிலையத்திலிருந்து இரவிலே தனித்துப் பயணஞ்செய்யும் பெண் யாரை அழைப்பது? மாற்றுத் திறனாளிகளின் அமைப்புகள் எழுப்பிய இவ்வினாக்களே சமூகப் பொருளில் ஆழமானவை. தனியார்மயத்தை அண்டிப் 'பிரயாணி' என்ற சொல்லின் இடத்தை 'வாடிக்கையாளர்' என்ற சொல் பிடித்தமை தற்செயலன்று. பிரயாணிக்குத் துணை வேண்டும். வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டே போதும். சொற்களின் மாற்றத்தை இலக்கிய மாணவர் கவனிப்பது போலவே தொழிலாளரும் கவனிக்கவேண்டியவராயினர்.

பின்வந்த நிகழ்ச்சிகள் முடிவு முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டதன்று என்பதை உணர்த்துகின்றன. ஸ்கொத்லாந்திலும் லிவர்பூல் சுற்றுவட்டாரத்திலும் நிகழ்ந்த பிணக்குகள், காவலரைத் தொடர்ந்து வைத்திருக்கும் உடன்பாடுகளில் முடிந்தன. ஒரே காலம், ஒரே தொழில்நுட்பம்; முடிவுகள் வேறு. 2022 டிசெம்பரில், நாடளாவிய ஊதியப் பிணக்கின் நடுவே தனிச்சாரதி இயக்கம் மீண்டும் நிபந்தனையாகப் புகுத்தப்பட்டபோது தொழிற்சங்கம் அதனை நிராகரித்தது. 2023 நவெம்பரில் ஏற்கப்பட்ட உடன்பாடு அந்நிபந்தனையின்றியே அமைந்தது. 2024 இல், பிரயாணிகள் சேவைகளை மீண்டும் பொதுவுடைமையாக்கும் சட்டம் நிறைவேறியது.

பொதுவுடைமை மட்டும் காவலரைக் காப்பாற்றும் என்று கருதுவதற்கில்லை. 1983 இல் பெட்போர்ட் பாதையில் அவரை நீக்கியது அரசுடைமையான சபையே. வண்டி எவருக்குச் சொந்தம் என்ற வினாவுடன், அதன் வேலையை எவர் தீர்மானிப்பது என்ற வினாவும் எழுப்பப்படல் வேண்டும். முதலாவது வினாவுக்குப் பாராளுமன்றம் விடையளிக்கலாம். இரண்டாவதற்கான விடையைச் சாரதியும் காவலரும் பிரயாணியும் ஒருவரையொருவர் கைவிடாதிருப்பதன் வாயிலாகவே பெறமுடியும்.