கூலி பெற்ற பணிவிடை: உத்திரமேரூர் வட்டாரத்தில் முதியோர் பராமரிப்பு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படினும், முதுமை குறித்தும் அவற்றில் ஒரு செய்தி உண்டு. ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கண்காணித்த வாரியங்களில், அதாவது ஊர்க் குழுக்களில், அமர்வோருக்கு 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு 60 வயதை மேல்வரம்பாக வைக்க, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனை 70 ஆக உயர்த்தியது. அவ்வயதைக் கடந்து வீட்டோடு இருந்தவரைக் கவனித்தவர் யார் என்பதை அவை பேசவில்லை.

அவ்வேலையைச் செய்தோரின் சுவடு, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அருகிலுள்ள திருமுக்கூடலில் கிடைக்கிறது. வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கோயில் கல்வெட்டொன்று, அங்கு இயங்கிய கல்விச்சாலையோடு 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும், அதாவது நோயுற்றோர் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையும் இருந்ததை விவரமாகப் பதிந்துள்ளது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என வகுத்த அதே ஆவணம், அறுவை செய்பவர், மூலிகையும் விறகும் கொணர்பவர், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் ஆகியோரோடு, மருந்து காய்ச்சி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த இரு பெண்களுக்கும் ஊதியம் வகுத்தது. பணிவிடையும் மருத்துவத்தைப் போலவே கூலிக்குரிய உழைப்பு என ஓர் அரச ஆவணம் ஏற்றுக்கொண்டதே இதன் தனிச்சிறப்பு. அச்சாலையின் பயன் கோயிலையும் கல்விச்சாலையையும் சார்ந்தோர்க்கே உரியதாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

ஊரின் ஏனைய முதியோரை மகளும் மருமகளுமே கவனித்தனர். அவ்வுழைப்புக்கு எக்கணக்கிலும் இடமில்லை. 1962இல் தமிழக அரசு மாதம் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, ஆதரவற்றோரின் வயிற்றுக்கு வழி செய்ததேயன்றிப் படுத்த படுக்கையாகிவிட்டவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் கைகளுக்கு எதுவும் செய்யவில்லை. பெற்றோரைப் பேணும் கடமையை வலியுறுத்தும் 2007ஆம் ஆண்டுச் சட்டம், மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைப் பிள்ளைகள் என வரையறுக்கையில், நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் அவ்வேலையைச் சுமக்கும் மருமகளைப் பெயரளவில்கூடக் குறிப்பிடவில்லை.

2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8 ஆகச் சுருங்கிவிட்டது; திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளோ இவ்வட்டாரத்து இளைஞரையும் இளம்பெண்களையும் முறைவேலைக்கு அழைத்துக்கொண்டன. அவ்வாறு வெறுமையான வீடுகளுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வலிதணிப்புச் சேவையையும் கொண்டுசேர்ப்பது பெரும்பேறே. எனினும் வாசல்தோறும் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பெறுவது ஊக்கத்தொகையே, அவர்கள் திரும்பிச் சென்றபின் எஞ்சும் பகலும் இரவும் இன்றும் வீட்டுப் பெண்ணின் கூலியற்ற பொறுப்பாகவே இருக்கின்றன.