இரண்டு இலத்தீன் சொற்கள் கொள்ளுப்பிட்டிக்கு வந்த வழி

கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது சென் தோமஸ் ஆயத்தப் பாடசாலை. அதன் சின்னத்தில் இரண்டே சொற்கள்: ‘எஸ்டோ பெர்பெச்சுவா’. ‘என்றைக்கும் நிலைத்திரு’ என்று பொருள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வானில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு இலத்தீனோடு ஒரு சோலியும் இல்லை. ஆனாலும் அந்தச் சொற்கள் வெகு தூரம் அலைந்துதான் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

1623 ஜனவரியில் வெனிஸ் நகரத்தில் பாவோலோ சார்ப்பி என்ற துறவி இறந்தார். போப்பாண்டவரோடு மல்லுக்கட்டிய வெனிஸ் குடியரசுக்கு ஆலோசகராக இருந்தவர். சாகும்போது தன் குடியரசை நினைத்து அவர் சொன்னவை இந்தச் சொற்கள் என்பார்கள். இலத்தீனில் நாடு பெண்பால், ‘பெர்பெச்சுவா’வும் பெண்பாலே. பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல்லும் பெண்பால் என்பதால் பிற்காலத்தில் இலக்கணம் இடிக்கவில்லை. ஆண் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி ‘தாயே, நிலைத்திரு’ என்று சொல்வதுபோல் ஆயிற்று.

வாழ்த்துப் பெற்ற வெனிஸ் 1797இல் நெப்போலியனிடம் விழுந்தது. அதற்கு முன்பே சொற்கள் அயர்லாந்துக்குப் போயிருந்தன. 1782இல் அங்கத்தைய பாராளுமன்றம் சுயாதீனம் பெற்றபோது ஹென்றி கிராட்டன் அதை வாழ்த்தி இவற்றையே சொன்னதாகப் பதிவு. பதினெட்டே வருடத்தில், 1800இல், அந்தப் பாராளுமன்றத்தையே கலைத்துவிட்டார்கள். அவ்வளவு ராசியான வாழ்த்து என்று சொல்ல முடியாது.

இந்தச் சொற்கள் இலங்கைக்கு வந்தது இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி வழியில். 1440இல் அரசர் ஆறாம் ஹென்றி நிறுவிய ஈட்டனில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் ஜேம்ஸ் சாப்மன். 1845இல் கொழும்பின் முதல் அங்கிலிக்கன் ஆயரானார். 1851 பெப்ரவரி 3ஆம் திகதி முகத்துவாரத்தில் சென் தோமஸ் கல்லூரியைத் திறந்தார். ஈட்டனைப் போன்ற ஆங்கிலேயரின் ‘பப்ளிக் ஸ்கூல்’ பொதுமக்களுக்கானது அல்ல, காசுள்ளவர் பிள்ளைகளுக்கானது. பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. அந்தப் பள்ளிகளின் உயிர் வகுப்பறையில் இல்லை, போர்டிங்கில்தான். மணி அடித்தால் எழும்ப வேண்டும், மணி அடித்தால் சிற்றாலயம், மணி அடித்தால் சாப்பாடு. சின்னப் பையன்களை மேய்க்க வாத்தியார் தேவையில்லை, பெரிய பையன்களான பிரிஃபெக்ட்கள் போதும். தமிழ்க் காதுக்கு ‘வார்டன்’ என்றால் விடுதியைப் பார்த்துக்கொள்பவர். சென் தோமஸிலோ கல்லூரியின் அதிபரே வார்டன். விடுதிதான் பள்ளிக்கூடம் என்ற எண்ணம் அந்த ஒரு பதவிப் பெயரில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகத்துவாரத்தில் வார்டனாக இருந்த வில்லியம் ஸ்டோன் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பெரிய புலவர். அவர் காலத்தில் இரண்டு பையன்கள் அங்கே படித்தார்கள். ஒருவர் மகா முதலியாரின் மகன், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. மற்றவர் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம். ஒரே சின்னம், ஒரே இரண்டு சொற்கள்.

‘நிலைத்திரு’ என்று எழுதிவைத்த கல்லூரியோ இடம் பெயர்ந்துகொண்டே இருந்தது. துறைமுகம் பெருத்து, கப்பல்களுக்கான நிலக்கரியின் தூசி முகத்துவாரத்தை மூடியதால் 1918இல் கல்கிசைக் கடற்கரைக்குப் போனது. 1937இல் கல்லூரியின் வரலாற்றை எழுதிய ஆங்கிலேயரான டபிள்யூ. டி. கெபிள், அடுத்த வருடம் கொள்ளுப்பிட்டியில் ஆயத்தப் பாடசாலையைத் தொடங்கினார். பெரிய போர்டிங்குக்குப் போகுமுன் சின்னவர்களைப் பழக்கும் இத்தகைய பள்ளியை ஆங்கிலேயர் ‘பிரெப்’ என்பார்கள். போர்டிங்கில் இரவில் மேசைக்கு முன் இருந்து படிப்பதற்கும் அதே பெயர்தான். பிள்ளைக்கு இரண்டிலிருந்தும் தப்ப வழியில்லை. 1942இல், யுத்தம் கொழும்பை நெருங்கியபோது, சொற்கள் மலையேறின: கெபிள் பண்டாரவளையில் ஒரு பள்ளி வைத்தார், குருத்தலாவையில் இன்னொன்று எழுந்தது. ஆபத்து நீங்கிய பிறகும் அவை மலையிலேயே தங்கிவிட்டன.

1956இல் பண்டாரநாயக்க பிரதமரானார். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியின் தலைவர். அவர் வீடு கொள்ளுப்பிட்டியில், அல்பிரட் ஹவுஸ் கார்டின்ஸில். இருவரும் 1957 ஜூலை 26ஆம் திகதி ஒப்பந்தம் செய்தார்கள்: தமிழுக்கு வடக்கு கிழக்கில் நிர்வாக இடம், பிராந்திய சபைகள். ஈட்டன் பாணிப் பள்ளியில் படித்த இருவர் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று கொழும்பில் சிலராவது நம்பியிருப்பார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஒரே போர்டிங் மேசையில் சாப்பிட்டவர்கள் நாட்டை ஆளலாம் என்பதுதான் அந்தப் பள்ளிகளின் நம்பிக்கையே. ஆனால் 1958 ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தத்தைக் கைவிடச் சொல்லி பௌத்த பிக்குகள் ரொஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டுக்கு முன் வந்து உட்கார்ந்தார்கள். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதற்கு ஒன்பது மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.