கோட்டையார் வீட்டைத் தேடி

கோவில்பட்டியில் கி. ராஜநாராயணனுக்கு அரசு எழுப்பிய நினைவரங்கம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே அவர் சிலையைக் கண்டபின், திருநெல்வேலிச் சாலையில் தெற்கே இடைசெவலுக்குச் சென்றோம். கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் அது. எம் மனமோ 'கோபல்ல கிராம'த்துக் கோட்டையார் வீட்டைத் தேடிற்று. அது புனைவூரே என்பதை அறிவோம். ஆயினும் வாசக மனம் கேட்பதில்லை.

1976-இல் வெளிவந்த அந்நாவல், ஆந்திர நாட்டிலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சிப் பெயர்ந்தோர் இங்கே காடு திருத்திக் குடியேறிய கதை. அமெரிக்கச் சிறுவர் நெஞ்சில் நிலைத்த லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதியதும் இத்தகைய குடியேற்றக் கதையே. அவருடைய முதல் நூல் 1932-இல், அவரது 65-ஆம் வயதில் வந்தது. மிசௌரி மாநிலத்து மான்ஸ்ஃபீல்டில் அவர் வாழ்ந்த பண்ணைவீட்டை இன்றும் காக்கின்றனர். (அக்குடியேறிகள் கான்சாஸில் கால்வைத்த மண் ஓசேஜ் பழங்குடியினருடையது என்பதையும் மறத்தலாகாது.)

இங்கே அவ்வாறொரு வீடு நிற்பது அரிது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதன்மேல் எழுந்த மண்சுவர் தலைமுறை கடந்து நில்லாது. ஆகவேதான் கி.ரா. அவ்வூரின் தோற்றக் கதையைச் சுவரிடம் ஒப்படைக்கவில்லை; 137 வயது மங்கத்தாயாரு அம்மாளின் வாயில் வைத்தார். கேட்கச் செவி இருக்குமட்டும் அவ்வீடு இடியாது. 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்ததும் இவ்வச்சத்தினாலேயே என்பது எம் கருத்து. தானியம் சேர்த்த குலுக்கையை இன்று எம் மாணவருள் கண்டவர் எத்தனை பேர்?

மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகச் சொல்லிக்கொண்டவர் கி.ரா. சிறுவர்க்கென்று 'பிஞ்சுகள்' எழுதியவரும் அவரே. ஆனால் இடைசெவலில் எம்மை விடாது தொடர்ந்தது, பெரியவர்களுக்காக எழுதப்பட்ட 'கதவு' என்னும் சிறுகதைதான். வீட்டுக் கதவில் ஏறி, அதையே பேருந்தாக்கி ஆடுகின்றனர் பிள்ளைகள். தீர்வை பாக்கிக்காக அக்கதவைக் கழற்றிச் செல்கின்றனர் சர்க்கார் ஆட்கள். வாடைக்காற்று தடையின்றி உள்ளே புகுகிறது. அன்று கதவைக் கொண்டுபோனதும் அரசு, இன்று அரங்கம் கட்டியதும் அரசு. சிலையைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் அங்கே இன்னுமொரு பொருள் வைக்க எம்மைக் கேட்பாராயின், பழைய கதவு ஒன்றைச் சொல்வோம். கீலோடு, வருகிற பிள்ளைகள் தொற்றி ஆடுமாறு, தொடாதே என்ற பலகை இல்லாமல்.