சீட்டித் துணியும் சீமைச் சட்டமும்

அயல்நாட்டுத் துணியை ஒதுக்குங்கள் என்ற முழக்கத்தைக் கேட்டதும் நமக்கு 1905-ஆம் ஆண்டின் சுதேசி இயக்கமே நினைவுக்கு வரும். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அம்முழக்கம் இலண்டன் மாநகரில் எழுந்தது. அங்கே ஒதுக்கச் சொன்னது இந்தியத் துணியை! ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் இதனை வகுப்பிற் கூறாமல் விட்டுவிடுகிறோம். நானும் நெடுங்காலம் விட்டவனே.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சீட்டித் துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர். சீமாட்டியர் முதல் பணிப்பெண்கள் வரை அவற்றை விரும்பி உடுத்தினர். புதுமை மோகம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. அந்நாட்டுக் கம்பளித் துணி கனமானது, துவைக்கக் கடினமானது. பட்டோ விலை மிகுந்தது. நம் பருத்தியோ இலேசானது. படிகாரம் ஊட்டிச் சாயவேரில் தோய்த்தெடுத்த அதன் சிவப்பு, துவைத்தாலும் எளிதில் மங்காது. அந்த வித்தை அன்று ஐரோப்பியருக்கு முழுதும் கைவரவில்லை.

அங்குள்ள நெசவாளர் வயிறு காய்ந்தது. 1697-இல் அவர்கள் கம்பெனி மாளிகையையே தாக்கினர். 1700-இல் நாடாளுமன்றம் வண்ணமிட்ட இந்தியத் துணியை உள்நாட்டுப் பயனுக்குக் கொண்டுவரலாகாது என்று தடுத்தது. ஆனால் வெள்ளைத் துணிக்குத் தடையில்லை. வணிகர் சும்மா இருப்பரோ? வெள்ளைத் துணியை வரவழைத்து, இலண்டனிலேயே பூ அச்சடித்து விற்றனர்! 1719-ஆம் ஆண்டுக் கோடையில் நெசவாளரின் சினம் கம்பெனியை விட்டுத் தெருவில் நடந்த பெண்கள்மேல் திரும்பியது. சீட்டி உடுத்தியவர்களைத் துரத்தி ஆடையைக் கிழித்தனர். மையும் திராவகமும் வீசினர். பட்டினி கிடந்தவனின் கோபம் எனக்கு விளங்குகிறது, திராவகம் விளங்கவில்லை.

1721-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. அபராதம் 5 பவுன், அதுவும் காட்டிக்கொடுத்தவருக்கே! மஸ்லினுக்கும் முழு நீலத் துணிக்கும் விலக்கு உண்டு. சணல்நார்ப் பாவும் பருத்தி ஊடையுமாக நெய்த கலப்புத் துணியில் அச்சடிக்கலாம் என 1736-இல் தெளிவாக்கினர். சீட்டி ஆசை அவ்வழியே புகுந்துகொண்டது.

பின்னர் ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரம் பாவுக்கேற்ற உறுதியான பருத்தி நூலைத் தந்தது. 1774-இல், பிரிட்டனில் நெய்த முழுப்பருத்தித் துணிக்கு அனுமதி கிடைத்தது. அது உள்நாட்டுச் சரக்கு என்று காட்ட, கரையில் மூன்று நீல நூல்களை ஓட்டி நெய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது.