‘யமுனா’ இல்லத்தில் கூடியவர்கள்: 1947இல் சுயேச்சைகளை நம்பி எழுந்த இரண்டு அரசுகள்

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் வடக்கிலும் கிழக்கிலும் ஒரே பேச்சுத்தான். எந்தச் சுயேச்சைக் குழு எந்தப் பக்கம் போகும்? தவிசாளர் கதிரைக்கு யார் கை கொடுப்பார்? சுயேச்சையாக வென்றவர் தனித்து நிற்பாரா, அல்லது கொழும்போடு பேசி ஏதாவது வாங்கி வருவாரா? இந்தக் கேள்விகளுக்கு இந்த நாட்டின் முதலாவது பாராளுமன்றத்தோடு ஒத்த வயது. 1947இல் 21 சுயேச்சை உறுப்பினர்களின் கையில் ஆட்சியின் திறப்பு இருந்தது. அவர்களில் வவுனியாவும் மன்னாரும் அனுப்பிய இரு தமிழர்களும் இருந்தனர். அந்தத் திறப்பு எப்படிக் கைமாறியது என்பதை அறியாமல் மலையக மக்களின் குடியுரிமை பறிபோன கதையை முழுதாக விளங்கிக்கொள்ள முடியாது.

சோல்பரி யாப்பின் கீழ் முதலாவது பொதுத்தேர்தல் 1947 ஓகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை பல நாட்களாக நடந்தது. மக்கள் தெரிவு செய்ய வேண்டிய ஆசனங்கள் 95. ஐக்கிய தேசியக் கட்சி 42, சுயேச்சைகள் 21, லங்கா சமசமாஜக் கட்சி 10, தமிழ்க் காங்கிரஸ் 7, இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6, போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி 5, கம்யூனிஸ்ட் கட்சி 3, தொழிற்கட்சி 1. இதுதான் முடிவு. இவர்களுக்கு மேலதிகமாக ஆறு பேர் நியமிக்கப்படுவார்கள். ஆக மொத்தம் 101, பெரும்பான்மைக்கு 51.

21 சுயேச்சைகள் என்பது இன்று வியப்பாகத் தெரியலாம். அன்று அது வியப்பில்லை. 1931 முதல் இருந்த அரசாங்க சபையில் கட்சி முறை என்று ஒன்று வேரூன்றவே இல்லை. ஏழு நிர்வாகக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அமைச்சர். உறுப்பினர் தன் பெயரிலும் குடும்பச் செல்வாக்கிலும் சாதியிலும் ஊரிலும் நின்று வென்றார். ஐக்கிய தேசியக் கட்சியே 1946இல்தான் பிறந்தது. ஆகவே ‘சுயேச்சை’ என்ற சொல்லுக்குள் பல ரகமானவர்கள் இருந்தார்கள். டி.எஸ்.சேனநாயக்கவைப் பிடிக்காதவர்கள், அவருடைய கட்சியில் இடம் கிடைக்காதவர்கள், எந்தக் கட்சி வென்றாலும் அதோடு பேசலாம் என்று காத்திருந்தவர்கள், உண்மையாகவே கட்சிகளை நம்பாதவர்கள் என்று எல்லோரும் அந்த 21க்குள் அடக்கம்.

வடக்கு, கிழக்கில் நிலைமை இன்னும் தெளிவாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஜி.ஜி.பொன்னம்பலம் ஐக்கிய தேசியக் கட்சியின் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார். காங்கேசன்துறையில் எஸ்.ஜே.வி.செல்வநாயகம், கோப்பாயில் கு.வன்னியசிங்கம். குடாநாட்டில் ஊர்காவற்றுறை நீங்கலாக எல்லாம் தமிழ்க் காங்கிரசுக்கு, அதோடு திருகோணமலையும். ஆனால் பரந்தனுக்குத் தெற்கே காற்று வேறு. வவுனியாவில் செ.சுந்தரலிங்கம், மன்னாரில் க.சிற்றம்பலம், இருவருமே சுயேச்சைகள். முன்னவர் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். பின்னவர் சிவில் சேவை அதிகாரி.

சுந்தரலிங்கத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1936இல் தமிழர் ஒருவரும் இல்லாத தனிச்சிங்கள அமைச்சரவை அமைந்தபோது, நிர்வாகக் குழுக்களில் உறுப்பினர்களை எப்படிப் பங்கிட்டால் ஏழு அமைச்சர்களும் சிங்களவராக வருவர் என்ற கணக்கைச் சேனநாயக்கவுக்குப் போட்டுக் கொடுத்தவர் இவரே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையோ, மிகைப்படுத்தலோ, இருவருக்கும் இடையே நெருக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. 1947இல் அந்த நெருக்கம் மறுபடி வேலை செய்தது.

ஒரு வீட்டில் பேசப்பட்ட அரசு

42 ஆசனங்களோடு சேனநாயக்க திணறிக்கொண்டிருந்த அந்தச் செப்டெம்பர் நாட்களில், கொழும்பு ஹவ்லொக் டவுனில் ‘யமுனா’ என்ற வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. வீட்டுக்காரர் எச்.சிறீ நிசங்க. பெயர்பெற்ற வழக்கறிஞர், குருநாகலில் வென்ற சுயேச்சை உறுப்பினர், பிற்காலத்தில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெளியே இருந்த இடதுசாரிகள், சுயேச்சைகள், தமிழ்க் காங்கிரஸ், இந்தியக் காங்கிரஸ் ஆகியோரைச் சேர்த்து மாற்று அரசு ஒன்றை அமைக்கலாமா என்பதே பேச்சு. ‘யமுனா பேச்சுவார்த்தை’ என்று வரலாறு அதைக் குறிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு வெளியே தெரிவானவர்கள் 53 பேர். தேவை 51. அதாவது மூன்று பேர் நழுவினால் கதை முடிந்தது. மறுபக்கத்தில் சேனநாயக்கவுக்கு 42. நியமன உறுப்பினர் ஆறு பேரும் பிரதமராக வருபவரின் ஆலோசனைப்படியே வருவார்கள் என்பதால், அவருக்கு 48 உறுதி. அவர் தேட வேண்டியது மூன்று பேரை மட்டும். ஒரு பக்கம் 53 பேரையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்க வேண்டும், மறுபக்கம் மூன்று பேரின் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

அந்த 53 பேரும் யார்? இடதுசாரிகள் மூன்றாகப் பிளந்து, சேனநாயக்கவை எதிர்த்ததைவிடக் கடுமையாக ஒருவரை ஒருவர் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுக்கு ஐம்பது கேட்டுப் போராடிய பொன்னம்பலத்தோடு ஒரே அரசில் இருப்பதைத் தென்னிலங்கைச் சுயேச்சைகள் தங்கள் ஊரில் விளக்க வேண்டும். தொழிற்கட்சியின் ஒரே உறுப்பினரான ஏ.ஈ.குணசிங்க 1930களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிராக இயக்கம் நடத்தியவர். அவரும் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகளும் ஒரே அமைச்சரவையை ஆதரிக்க வேண்டும். பிரதமராக யாரை நிறுத்துவது என்பதிலேயே உடன்பாடு காண முடியாத கூட்டம் அது. பேச்சு முறிந்தது. குணசிங்க பின்னர் சேனநாயக்கவின் அரசிலேயே அமைச்சரானார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

‘யமுனா’ அரசு வந்திருந்தால் நமக்கு விடிவு கிடைத்திருக்கும் என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது அமைந்திருந்தாலும் முதல் வரவு செலவுத் திட்டத்தைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் ஒன்று: தமிழ்க் காங்கிரசும் மலையகப் பிரதிநிதிகளும் இடதுசாரிகளும் ஒரே மேசையில் ஆட்சியைப் பற்றிப் பேசிய அந்த வாய்ப்பு, மலையக மக்களுக்கு வாக்குரிமை இருந்ததால்தான் உருவானது. அதைச் சேனநாயக்கவும் கவனித்திருப்பார். மலையகத் தொகுதிகளில் இந்தியக் காங்கிரஸ் வென்றதோடு, அது போட்டியிடாத பல இடங்களில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிருந்தது.

இரண்டு தமிழ் அமைச்சர்கள்

சேனநாயக்க தட்டிய கதவுகளில் வவுனியாவும் மன்னாரும் இருந்தன. செப்டெம்பர் இறுதியில் அமைந்த 14 பேர் கொண்ட அமைச்சரவையில் சுந்தரலிங்கத்துக்கு வர்த்தக வாணிபம், சிற்றம்பலத்துக்குத் தபால், தொலைத்தொடர்பு.

இது வெறும் எண்ணிக்கைக்கான ஏற்பாடு அல்ல. வேறு சில சுயேச்சைகளும் அரசின் பக்கம் வரத் தயாராகவே இருந்தார்கள். ஆனால் அதிகாரக் கைமாற்றம் நடக்கவிருந்த தருணம் அது. சிறுபான்மையினர் தன் பக்கம் இல்லை என்ற தோற்றம் லண்டனுக்குப் போவதை சேனநாயக்க விரும்பவில்லை. யாழ்ப்பாணம் தன் வேட்பாளரை நிராகரித்துவிட்டது. அந்த ஓட்டையை வன்னியிலிருந்து வந்த இரண்டு சுயேச்சைகள் அடைத்தார்கள். 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் வந்தபோது அமைச்சரவையில் தமிழர் இருந்தார்கள் என்று காட்ட முடிந்தது.

அதற்கு விலையாக அவர்கள் என்ன வாங்கினார்கள்? எழுத்தில் எதுவும் இல்லை. கட்சி இல்லாதவருக்கு ஒப்பந்தம் எழுத மறுபக்கத்தில் நிறுவனம் இல்லை. ஒரு மனிதர், ஒரு அமைச்சு, ஒரு வாய்ச்சொல், அவ்வளவுதான்.

ஏழு மாதங்களுக்குள் சோதனை வந்தது. 1948 ஓகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டம், அதாவது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வம்சாவழிப் பிரஜை என்றால் தந்தை இங்கு பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்தவர்களிடம் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவது? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். பொன்னம்பலம் அப்போது எதிர்க்கட்சியில் இருந்து எதிர்த்தார். இரு தமிழ் அமைச்சர்களும் அரசோடு இருந்தார்கள்.

அடுத்த மாதமே, செப்டெம்பரில், பொன்னம்பலமும் அமைச்சரானார். கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியவற்றோடு அவருடைய பெயர் இன்றும் பேசப்படுவது இந்த அமைச்சினால்தான்.

இங்கேதான் சுயேச்சையின் அரசியல் கணக்கு தலைகீழாகிறது. தமிழ்க் காங்கிரசின் தலைவரே அரசுக்குள் வந்த பிறகு, சேனநாயக்கவுக்கு வவுனியாவின் ஒற்றை உறுப்பினர் எதற்கு? 1947 செப்டெம்பரில் ஒரு வாக்கு ஓர் அரசுக்குச் சமம். 1948 செப்டெம்பரில் அது வெறும் ஒரு வாக்கு.

டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வந்தது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததைக் காட்டி, இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாக்கெடுப்பின்போது சுந்தரலிங்கம் அரசோடு வாக்களிக்காமல் சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். சுந்தரலிங்கம் அமைச்சைத் துறந்தார். அரசு அசையவில்லை. சிற்றம்பலம் பதவியில் இருந்தார். பொன்னம்பலம் சட்டமூலத்தை ஆதரித்தார். அவருடைய கட்சிதான் உடைந்தது. செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் வெளியேறி 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜைகளாகப் பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து எடுக்கப்பட்டது. சிறுபான்மையினருக்குக் காப்பு என்று சொல்லப்பட்ட யாப்பின் 29ஆம் பிரிவைக் காட்டித் தொடுத்த வழக்கு 1953இல் லண்டன் கோமறைக் கழகத்தில் தோற்றது.

வவுனியாவுக்குத் திரும்பியவை

சுந்தரலிங்கத்தைத் தியாகியாக வரைவது எளிது. அதைச் செய்ய நான் தயாராக இல்லை. முதல் சட்டம் வந்தபோது அவர் அமைச்சராகவே இருந்தார். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நுழைவதைத் தடுக்க முன்னின்றவரும் அவரே. அதே மனிதர்தான் 1950களின் இறுதியில், தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்டுக்கொண்டிருந்தபோது, தனித் தமிழ் நாடு என்று பேசத் தொடங்கினார். கொழும்போடு உள்ளிருந்து பேசிப் பார்த்தவரின் வாயிலிருந்து அது வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். 1960 மார்ச்சில் வவுனியா அவரைத் தோற்கடித்தது. தோற்கடித்தவரும் ஒரு சுயேச்சை, தா.சிவசிதம்பரம்.

சிற்றம்பலம் 1952 தேர்தலில் மன்னாரை இழந்தார். அதே தேர்தலில் தோட்டப் பகுதிகளிலிருந்து இந்தியக் காங்கிரசின் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு இந்த முறை வீட்டுக் கதவுகளைத் தட்டும் தேவை இருக்கவில்லை.

நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களில் பலர் பிற்காலத்தில், 1958இன் வன்செயலுக்குப் பிறகும் 1970களின் பட்டினிக்குப் பிறகும் 1977இன் வன்செயலுக்குப் பிறகும், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். சுந்தரலிங்கமும் சிற்றம்பலமும் தெரிவான அதே மண்ணுக்கு. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் வரிசையில் நின்றவர்களில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். நாடற்ற நிலையைத் தீர்ப்பதற்கான இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமைச் சட்டம் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 2003இல், நிறைவேறியிருந்தது.